அறுபது இடங்களும் அறுபது வயதும்

மொரீசியசுத் தீவில் சில ஆண்டுகள் பணியாற்றித் திரும்பிய இளைஞர் ஒருவர், அந்நாட்டின் நூறு ரூபாய்த் தாள் ஒன்றை நம்மிடம் கொண்டுவந்து காட்டினார். தாளின் மதிப்பு அதில் தமிழ் எழுத்திலும் பொறிக்கப்பட்டிருந்தது. தாளில் உள்ள உருவமும் தமிழ் வழி வந்த ஒருவருடையதே. தொழிற்கட்சியின் தொடக்கக்காலத் தலைவர்களுள் ஒருவரான ரங்கநாதன் சீனிவாசன் அவர். 1998 ஆம் ஆண்டில் அந்நாட்டின் நடுவண் வங்கி புதிய தாள்களை அச்சிட்டபோது, வழக்கமாக இந்திக்கு முன் நிற்கும் தமிழ் அதற்குப் பின் தள்ளப்பட்டிருந்தது. தமிழ் மரபினர் கொதித்தெழுந்தனர். தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. மறு ஆண்டில் பழைய வரிசையிலேயே புதியவை வெளிவந்தன.

ஒரு தாளில் எந்த எழுத்து முன்னே நிற்க வேண்டும் என்பதற்கே மக்கள் இத்துணை மனம் நோகும் நாட்டில், அந்தத் தாள் யாருக்கு, எத்தனை, எந்த வயது முதல் என்று அரசு அறிவிக்கும் நாள் எத்தகையதாய் இருக்கும் என்று எண்ணிப் பார்த்தோம். அந்த எண்ணமே இக்கட்டுரைக்கு வித்து.

மொரீசியசுக் குடியரசின் மொத்தப் பரப்பு 2,040 சதுர கிலோமீட்டர். மக்கள் ஏறத்தாழ பன்னிரண்டரை இலட்சம். இத்துணைச் சிறிய நாட்டில் அரசு என்பது தொலைவில் இருக்கும் ஒன்றன்று. அரிசியையும் கோதுமை மாவையும் எரிபொருளையும் வெளிநாடுகளிலிருந்து வாங்கி வருவது 1982 இல் அமைக்கப்பட்ட அரசு வணிகக் கழகம். காலையில் உண்ணும் ரொட்டியின் விலையிலேயே அரசின் கை இருக்கிறது. ஆகவே, வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்படும் நாள் (பெரும்பாலும் சூன் மாதத்தில் வரும் நாள்) பொருளியல் அறிஞர்களுக்கு மட்டும் உரியதன்று. அதற்குச் சில வாரங்கள் முன்னரே தொழிற்சங்கங்கள் தம் கோரிக்கைகளை எழுதிக் கொடுக்கின்றன. முதலாளிகளின் அமைப்பு தன் விண்ணப்பத்தை அளிக்கிறது. செய்தித்தாள்கள் தெருவில் நிற்பவரிடம் கருத்துக் கேட்கின்றன. சிகரெட்டும் மதுவும் விலை ஏறும் என்பது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. உரை நிகழ்வதோ ஆங்கிலத்தில். வீட்டில் கிரியோல் பேசும் மக்கள் அதைத் தொலைக்காட்சியில் கேட்டு, தம் மொழியில் தமக்குள் பொருள் சொல்லிக்கொள்கிறார்கள். மணிக்கணக்கில் நீளும் அவ்வுரையில் ஒரு மூதாட்டி காத்திருப்பது ஒரே ஒரு வரிக்காகத்தான். முதியோர் ஓய்வூதியம் என்ன ஆயிற்று என்பதே அவ்வரி.

அந்த ஓய்வூதியம் எங்கிருந்து வந்தது என்பதை அறியாமல் அத்தீவின் ஏக்கங்களையும் ஏமாற்றங்களையும் அறிய முடியாது. எனவே சற்றுப் பின்னோக்கிச் செல்வோம்.

1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுசெல்லப்பட்டோரின் வழிவந்தவர்களே அத்தீவு மக்களுள் பெரும்பான்மையினர். கரும்பே நாடு, நாடே கரும்பு என்றிருந்த காலம் அது. 1937 இல் 'உபா' என்னும் கரும்பு வகைக்கு ஆலைகள் தரும் விலை குறைக்கப்பட்டபோது சிறு விவசாயிகளும் கூலிகளும் கிளர்ந்தெழுந்தனர், உயிர்கள் பலியாயின. 1943 செப்டம்பரில் பெல் வூ ஆரெல் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்கள்மீது காவலர் சுட்டபோது இறந்தவர்களுள் அஞ்சலை என்னும் கருவுற்ற பெண்ணும் ஒருவர். இன்று அந்நாட்டின் பெரிய விளையாட்டரங்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. குடியேற்ற அரசின் வரவு செலவுக் கணக்கில் இம்மக்களுக்கு எந்தப் பங்கும் இல்லை. அதைக் கேட்பதற்கு வாக்கும் இல்லை. 1948 இல் எழுதப் படிக்கத் தெரிந்தோருக்கெல்லாம் வாக்குரிமை விரிந்தது. 1950 இல் முதியோர் ஓய்வூதியம் வந்தது. இவ்விரு ஆண்டுகளும் அடுத்தடுத்து வருவது தற்செயல் என்று நமக்குத் தோன்றவில்லை.

தொடக்கத்தில் அது ஏழைகளுக்கு மட்டும் என்றிருந்தது. யார் ஏழை என்பதை அரசு அலுவலர் தீர்மானித்தார். வீட்டில் யார் யார், மகன் என்ன சம்பாதிக்கிறான், மருமகன் ஏதேனும் தருகிறானா என்ற கேள்விகளுக்கு விடை சொல்லித்தான் ஒரு முதியவர் தம் வறுமையை மெய்ப்பிக்க வேண்டும். கரும்பு வெட்டும் பருவத்தில் கூலி, மற்றப் பருவத்தில் வெறுங்கை என்றிருந்த நாட்டில் வருமானத்தை அளப்பது எளிதா? 1958 இல் அந்தச் சோதனை நீக்கப்பட்டது. செல்வரோ ஏழையோ, கிறித்தவரோ இந்துவோ இசுலாமியரோ, உரிய வயதை எட்டியவர் யாராயினும் அரசிடமிருந்து ஒரு தொகை பெறுவார் என்னும் நிலை பிறந்தது. விடுதலைக்கு இன்னும் பத்து ஆண்டுகள் இருந்தன. காலப்போக்கில் 60 வயது என்பதே அதன் எல்லையாக மக்கள் மனத்தில் நிலைத்துவிட்டது. அதுமுதல் அந்தத் தொகைக்கு இரக்கத்தின் சாயல் போய் உரிமையின் சாயல் வந்தது என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் நிகழ்ந்த சினத்துக்கெல்லாம் வேர் அங்கேதான் உள்ளது.

இவ்விடத்தில் ஒரு விந்தையைச் சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. 1960 இல் 'கரோல்' என்னும் பெரும் புயல் தீவைச் சிதைத்தது. அக்காலத்தில் பிரித்தானியப் பொருளியல் அறிஞர் சேம்சு மீடும், சமூகக் கொள்கை அறிஞர் ரிச்சர்டு டிட்மசும் தனித்தனிக் குழுக்களுடன் வந்து தீவின் எதிர்காலத்தை ஆராய்ந்தனர். 1961 இல் வெளிவந்த அவர்களின் அறிக்கைகள் இரண்டும் அஞ்சியது ஒன்றையே. குழந்தைகள் மிகுதி, நிலமோ கொஞ்சம், வேலையோ இல்லை. (மீடு பின்னர் 1977 இல் நோபல் பரிசு பெற்றார். ஆயினும் இத்தீவைப் பற்றிய அவருடைய இருண்ட கணிப்பு பலிக்கவில்லை.) குடும்பக் கட்டுப்பாடு நாட்டின் பெரும் விவாதமாயிற்று, அங்குள்ள கத்தோலிக்கத் திருச்சபையும் 1963 இல் இயற்கை முறையைக் கற்பிக்கத் தனி இயக்கம் ஒன்றைத் தொடங்கி அதில் பங்கு கொண்டது. பிறப்பு விரைந்து குறைந்தது. இன்று ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஒன்றரைக் குழந்தைகூட இல்லை. மக்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அறுபதைக் கடந்தவர். அன்று தொட்டில்களை எண்ணி அஞ்சிய கருவூலம் இன்று ஊன்றுகோல்களை எண்ணி அஞ்சுகிறது. ஓர் அச்சத்துக்குக் கண்ட மருந்தே மற்றோர் அச்சத்துக்குக் காரணமாயிற்று.

1968 மார்ச்சு 12 அன்று நாடு விடுதலை பெற்றது. முதற்பிரதமர் சீவூசாகூர் ராம்கூலம். நிதியமைச்சர் தமிழ் வழி வந்த வீராசாமி ரிங்காடு. 1982 வரை கருவூலத்தின் திறவுகோல் ரிங்காடுவிடமே இருந்தது. அவரே பின்னர் 1992 இல் நாடு குடியரசானபோது அதன் முதற் குடியரசுத் தலைவராகவும் சில மாதங்கள் இருந்தார். அவர் காலத்துக் கதையில் ஏற்றமும் உண்டு, இறக்கமும் உண்டு. 1974 இல் உலகச் சந்தையில் சர்க்கரை விலை விண்ணைத் தொட்டது. 1975 இல் ஐரோப்பிய நாடுகளுடன் ஏற்பட்ட லோமே உடன்படிக்கையின்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 5 இலட்சம் டன் சர்க்கரையை உறுதியான விலைக்கு விற்கும் வாய்ப்பு கிட்டியது. கருவூலம் நிரம்பியபோது எதிர்பார்ப்பும் நிரம்பியது. 1975 மே மாதத்தில் மாணவர்கள் தெருவில் இறங்கினர். வாக்குரிமை வயது 18 ஆகக் குறைக்கப்பட்டது. 1976 திசம்பரில் தேர்தல் வந்தது. அதற்கு முன்பே இடைநிலைக் கல்வி முழுவதும் இலவசம் என்ற அறிவிப்பும் வந்தது. 1977 சனவரி முதல் அது நடைமுறையாயிற்று.

அந்த அறிவிப்பைக் குறைகூற நமக்கு மனமில்லை. கரும்புத் தோட்டத்துக் கூலியின் மகள் பட்டம் பெற்றது அதனால்தான். ஆயினும் தேர்தலுக்கு முன் கொடை, தேர்தலுக்குப் பின் கணக்கு என்னும் வழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது என்றே சொல்ல வேண்டும். சர்க்கரை விலை சரிந்தது, எரிபொருள் விலை ஏறியது, புயல்கள் வந்தன. 1979 அக்டோபரில் ரூபாயின் மதிப்பு 30 விழுக்காடும், 1981 செப்டம்பரில் மேலும் 20 விழுக்காடும் குறைக்கப்பட்டன. பன்னாட்டு நிதியத்தின் நிபந்தனைகள் வரவு செலவுத் திட்டத்தின் வரிகளுக்கிடையே வந்து அமர்ந்தன. வேலையற்றோர் பெருகினர்.

அதன் விளைவு 1982 சூன் தேர்தல். அந்நாட்டில் தொகுதிக்கு மூவராக முதன்மைத் தீவுக்கு 60 இடங்கள். ரொட்ரிக்சுத் தீவுக்கு 2 இடங்கள். எதிர்க்கட்சிக் கூட்டணி அந்த அறுபதையும் வென்றது! ஆளுங்கட்சிக்கு ஓர் இடமும் இல்லை. உலக மக்களாட்சிகளில் அரிதாகவே காணும் முடிவு இது. அனிருத் ஜகநாத் பிரதமரானார். நிதியமைச்சரானவர் இளம் புரட்சியாளர் பால் பெராஞ்சே. தொழிற்சங்க மேடைகளில் முழங்கிய அவர், கருவூலத்தின் உள்ளே சென்று பேரேட்டைத் திறந்தபோது அங்கே எழுதியிருந்தது பழைய கணக்கே. பன்னாட்டு நிதியத்தின் வழியை விட்டு விலக அவராலும் இயலவில்லை. சிக்கனத்தையே அவரும் நாட்டின்முன் வைத்தார். மொழிச் சிக்கலும் தலைமைப் பூசலும் சேர்ந்துகொள்ள, ஒன்பதே மாதங்களில், 1983 மார்ச்சில், அவரும் அவர் தோழர்களும் அமைச்சரவையை விட்டு வெளியேறினர். அறுபது இடங்களும் ஓராண்டைத் தாங்கவில்லை.

1995 திசம்பரில் மீண்டும் அறுபதுக்கு அறுபது. இம்முறை வென்றவர்கள் முதற்பிரதமரின் மகன் நவின் ராம்கூலமும் அதே பெராஞ்சேயும். ஒன்றரை ஆண்டில் அக்கூட்டும் முறிந்தது. அதைப் பற்றி இங்கே அதிகம் சொல்வதற்கில்லை.

சொல்ல வேண்டியது 2004 ஆம் ஆண்டைப் பற்றி. பெராஞ்சே பிரதமர், அனிருத் ஜகநாத்தின் மகன் பிரவிந்த் நிதியமைச்சர். வருமானம் மிகுந்த முதியோருக்கு ஓய்வூதியம் வேண்டாம், அது இல்லாதோருக்கே சேரட்டும் என்று அவ்வரசு முடிவு செய்தது. காகிதத்தில் எழுதிப் பார்த்தால் இதைவிட நியாயமான முடிவு வேறேது? பணக்காரருக்கு அரசு ஏன் பணம் தரவேண்டும்? ஆனால், மக்கள் அதைக் காகிதத்தில் படிக்கவில்லை. தம் நினைவில் படித்தனர். மீண்டும் வருமானத்தைச் சொல்ல வேண்டும், மீண்டும் ஓர் அலுவலர் முன் தம்மை நிறுவ வேண்டும். 1958 இல் போன அவமதிப்பு வேறு உருவில் திரும்பி வருகிறது என்றே பலர் கண்டனர். 2005 சூலையில் அரசு தோற்றது. நவின் ராம்கூலம் பிரதமராகி அனைவருக்கும் ஓய்வூதியத்தை மீட்டுத் தந்தார். முதியோருக்கும் மாணவருக்கும் பேருந்துப் பயணத்தையும் இலவசமாக்கினார்.

ஆயினும் கருவூலத்துக்கு வெளியே உலகம் மாறிக்கொண்டிருந்தது. ஆடை ஏற்றுமதிக்குக் காவலாக இருந்த பன்னாட்டு ஒதுக்கீட்டு முறை 2005 இல் முடிந்தது. 2006 முதல் ஐரோப்பா சர்க்கரைக்குத் தந்த விலையை மொத்தம் 36 விழுக்காடு குறைக்கலாயிற்று. 2009 இல் அந்தச் சர்க்கரை உடன்பாடே முடிவுற்றது. எரிபொருள் விலையும் ஏறியது. இம்மூன்று அடிகளுக்கும் நடுவே நிதியமைச்சர் பொறுப்பில் இருந்தவர் மற்றொரு தமிழ் வழியினர், ராமா சித்தானன். 2006 இல் அவர் கொண்டுவந்த திட்டம் கடுமையானது. வருமான வரி படிப்படியாக எல்லாருக்கும் ஒரே 15 விழுக்காடு ஆயிற்று. குடியிருக்கும் வீட்டின்மேல் வரி, சேமிப்பின் வட்டிமேல் வரி, மாணவரின் தேர்வுக் கட்டணத்துக்குத் தந்த மானியத்தில் வெட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பொருளியலார் பலர் அவரைப் புகழ்ந்தனர். 2008 இன் உலக நெருக்கடியை நாடு தாங்கி நின்றதற்கு அந்தச் சீர்திருத்தங்களே காரணம் என்றனர். ஆனால் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வாழ்நாளெல்லாம் சிறுகச் சேர்த்த தொகையின் வட்டியில் வரி பிடிக்கப்பட்டபோது, அவருக்கு உலக நெருக்கடி கண்ணில் படுமா? 2010 தேர்தலில் சித்தானனுக்குப் போட்டியிட அவருடைய கட்சியே இடம் தரவில்லை. அவர் விதித்த வீட்டு வரியும் வட்டி வரியும் அதன்பின் நீண்ட நாள் நிலைக்கவில்லை.

இதிலிருந்து அத்தீவின் அரசியலார் ஒரு பாடம் கற்றனர். அது தவறான பாடம் என்பது நம் கருத்து. கடினமானதைச் சொன்னவன் வீழ்வான், கொடுப்பதாகச் சொன்னவன் வெல்வான் என்பதே அப்பாடம்.

2014 திசம்பர்த் தேர்தலில் 3,623 ரூபாயாக இருந்த ஓய்வூதியத்தை 5,000 ஆக்குவோம் என்று அனிருத் ஜகநாத்தின் கூட்டணி கூறியது, வென்றது, தந்தது. 2019 தேர்தலில் பிரவிந்த் ஜகநாத் 13,500 என்று கூறினார். எதிரணியினரும் தம் பங்குக்குத் தொகை கூறினர். ஏலக்கடையில் கேட்கும் குரல்களை நினைவூட்டும் காட்சி அது. வென்ற அரசு அவ்வாண்டு திசம்பரிலேயே 6,710 ரூபாயை 9,000 ஆக்கியது. இப்போது கருவூலத்தில் இருந்தவர் ரங்கநாதன் படையாச்சி. தமிழ் வழிவந்த நிதியமைச்சர் வரிசையில் நாம் இங்கே குறிக்கும் மூன்றாமவர் அவர். 2020 இல் பெருந்தொற்று வந்தது. சுற்றுலா நின்றது, நாட்டின் உற்பத்தி அவ்வோராண்டில் ஏறத்தாழ 15 விழுக்காடு சுருங்கியது. 1976 சட்டத்தின்படி தொழிலாளரும் முதலாளியும் சந்தா செலுத்திவந்த ஓய்வூதிய நிதி அவ்வாண்டே நிறுத்தப்பட்டு, அதனிடத்தில் புதியதொரு சமூகப் பங்களிப்பு விதிக்கப்பட்டது. முன்னது தனிப் பெட்டியில் சேர்ந்த பணம். பின்னது அரசின் பொதுக் கருவூலத்தில் கலக்கும் பணம். இந்த வேறுபாடு அன்று பலர் கண்ணில் படவில்லை. ஓய்வூதியமோ ஏறிக்கொண்டே சென்று 2025 இல் 15,000 ரூபாயைத் தொட்டது. பத்தே ஆண்டுகளில் நான்கு மடங்கு! மேல்நோக்கிச் செல்லும் ஏணியில் இறங்குவதற்குப் படி இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்பவருக்கு வாக்கு விழாது என்பது தெரிந்ததுதானே.

2024 நவம்பர் 10 அன்று தேர்தல். மூன்றாம் முறையாக அறுபதுக்கு அறுபது. வென்றவர்கள் மீண்டும் ராம்கூலமும் பெராஞ்சேயும். உடன் புதியவர்களும் இருந்தனர். தொழிலாளர் போராட்டங்களில் நெடுங்காலம் முன்நின்ற இடதுசாரி அசோக் சுப்ரோன் சமூகப் பாதுகாப்பு அமைச்சரானார். நிதிப் பொறுப்பைப் பிரதமரே வைத்துக்கொண்டார். அடுத்த மாதமே நாட்டின் பொருளாதார நிலை பற்றி ஓர் அறிக்கையை வெளியிட்டு, முந்தைய அரசு காட்டிய கணக்குகள் மெய்யல்ல என்றார். சாட்டு என்று சிலர் சொன்னார்கள். பொதுக் கடனோ உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 90 விழுக்காடு என்னும் அளவுக்கு வந்திருந்தது.

அடுத்த சூன் வரும்வரை இருந்த ஏழு மாதங்களே நம் கவனத்தைப் பெரிதும் ஈர்ப்பவை. புதிய அரசு, பெருவெற்றி, புதிய முகங்கள். விலைவாசி குறையும், கையாடிய பணம் மீளும், கூலி உயரும் என்ற நம்பிக்கைகள் ஒருபுறம். கணக்கு சரியில்லை என்று அரசே சொல்கிறதே, எங்கே கை வைப்பார்களோ என்ற அச்சம் மறுபுறம். வழக்கம்போல் சங்கங்கள் மனுக் கொடுத்தன, கூட்டங்கள் நடந்தன. 2025 சூன் 5 அன்று பிரதமர் உரையாற்றினார். படுகுழியிலிருந்து வளத்துக்கு என்னும் பொருளில் அவ்வுரைக்குத் தலைப்பிடப்பட்டிருந்தது. காத்திருந்த அந்த ஒரு வரியும் வந்தது. முதியோர் ஓய்வூதியத்துக்கான வயது 60 இலிருந்து படிப்படியாக 65 ஆக உயரும். அவ்வாண்டு செப்டம்பரிலேயே தொடக்கம்.

தேர்தல் மேடையில் இது சொல்லப்படவில்லை என்பதே தெருவில் எழுந்த முதற்கூக்குரல். தொழிற்சங்கங்கள் தலைநகர் போர்ட் லூயிசில் ஊர்வலம் சென்றன. தோட்டத் தொழிலாளரும் கட்டட வேலை செய்வோரும், துணி ஆலையில் நின்றே முதுகு வளைந்த பெண்களும், அறுபதுக்குமேல் நாங்கள் எப்படி உழைப்பது என்று கேட்டனர். அமர்ந்து எழுதுபவரின் அறுபதும் கரும்பு வெட்டுபவரின் அறுபதும் ஒன்றா? இக்கேள்விக்கு வரவு செலவுத் திட்டத்தின் எந்த அட்டவணையிலும் விடை இல்லை. அரசு சற்று இறங்கிவந்தது. அறுபதுக்கும் அறுபத்தைந்துக்கும் இடையே வருமானம் இன்றி இருப்போருக்கு மாதம் 10,000 ரூபாய் உதவி என்று அறிவித்தது. உடனே பழைய கேள்வி திரும்பி வந்தது. வருமானம் இல்லை என்பதை யார், யாரிடம் மெய்ப்பிப்பது?

அரசின் பக்கத்தையும் நாம் நேர்மையோடு நோக்க வேண்டும். ஐந்தில் ஒருவர் அறுபதைக் கடந்துவிட்ட நாட்டில், குழந்தைகள் குறைந்துகொண்டே செல்லும் நாட்டில், அறுபதிலேயே அனைவருக்கும் ஓய்வூதியம் தொடர முடியுமா என்பது கற்பனைக் கேள்வியன்று. உழைப்போர் பணி ஓய்வு பெறும் வயது 2008 முதலே சிறிது சிறிதாக உயர்ந்து 65 ஐ எட்டிவிட்டது. ஓய்வூதியம் மட்டும் அறுபதில் நின்றது. வளர்ந்துவரும் தலைமுறையின் தலையில் கடனை ஏற்றிவைப்பதும் நீதியாகாது. இவையனைத்தும் மெய். ஆனால், 2024 அக்டோபரிலும் இவை மெய்யாகத்தானே இருந்தன? பிறப்பு விகிதம் நவம்பர் 10 க்குப் பிறகு குறையவில்லை. முதியோரின் எண்ணிக்கை தேர்தல் முடிந்தபின் திடீரெனப் பெருகவில்லை. ஐம்பதாண்டுக் காலமாகக் கூட்டிவந்த எதிர்பார்ப்பு மக்கள் தாமாக வளர்த்துக்கொண்டதன்று. மேடையில் நின்று எண்ணிக்கை சொல்லிச் சொல்லித் தலைவர்களே வளர்த்தது அது. ஆகவே அது பொய்க்கும்போது எழும் சினத்தைப் பேராசை என்று ஒதுக்குவது முறையாகாது. கடன் கொடுத்தவன் திருப்பிக் கேட்கும் குரல் அதில் ஒலிக்கிறது. வாக்கைக் கொடுத்தான், வாக்கைக் கேட்கிறான்.

சிறிய அளவில் இதை நாமும் பட்டறிந்திருக்கிறோம். ஓராண்டு நம் பங்கில் கோவில் கூரையைச் செப்பனிடும் செலவு வந்தது. திருவிழாவின் இறுதிநாள் அசனத்தை அவ்வாண்டு நிறுத்திவிடலாம் என்று நாமும் பொருளாளரும் கணக்குப் பார்த்து முடிவு செய்து, ஞாயிறு திருப்பலி முடிவில் அறிவிப்போடு அறிவிப்பாகப் படித்துவிட்டோம். அன்பியங்களில் கேட்கவில்லை, பங்குப் பேரவையையும் கூட்டவில்லை. கணக்கு சரியே. கூரையும் ஒழுகத்தான் செய்தது. ஆனால், நாற்பதாண்டாக அந்தப் பந்தியில் பரிமாறிவந்த பெரியவர் ஒருவர் நம்மிடம் வந்து, "சாமி, அரிசி நாங்க கொண்டாந்திருப்போமே, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். அதற்கு நம்மிடம் விடை இல்லை. மொரீசியசின் செய்திகளைப் படித்தபோதெல்லாம் அந்தப் பெரியவரின் முகமே நம் நினைவில் வந்தது.

மக்கள் கடினமானதை ஏற்கமாட்டார்கள் என்று அரசியலார் கற்ற பாடம் தவறு என்று மேலே சொன்னோம். அதற்கான காரணம் அத்தீவின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1979 இலும் 1981 இலும் நாணய மதிப்பு வீழ்ந்தபோது பட்டினி கிடந்த தலைமுறைதான், 1980களில் துணி ஆலைகளில் இரவும் பகலும் உழைத்து, ஐந்தில் ஒருவருக்கு வேலையில்லாதிருந்த நாட்டை வேலைக்கு ஆள் தேடும் நாடாக்கியது. அந்த ஆலைகளில் பெரும்பான்மையோர் பெண்கள். இன்று அறுபதைத் தொட்டுக்கொண்டிருப்பவர்கள் அவர்களே. உலக வங்கியும் மற்றவர்களும் 'மொரீசியசு அற்புதம்' என்று புகழ்ந்தார்களே, அந்த அற்புதத்தின் தையல் இயந்திரங்களை மிதித்த கால்கள் அவர்களுடையவை. இருபது வயதில் குறைந்த கூலிக்கு ஆலையில் சேர்ந்தபோது, அறுபதில் ஓய்வூதியம் உண்டு என்பது அவர்களுக்கு எழுதாத ஒப்பந்தமாக இருந்திருக்கும்.

செப்டம்பர் வந்தது. 1965 ஆகத்து மாதத்தில் பிறந்தவருக்கு அறுபதாம் பிறந்தநாளோடு ஓய்வூதியம் வந்துவிட்டது. ஒரே ஆலையில் அவர் பக்கத்து இயந்திரத்தில் முப்பதாண்டு அமர்ந்திருந்த தோழி செப்டம்பரில் பிறந்தவராயின், அவர் காத்திருக்க வேண்டும். இருவரும் ஒரே பேருந்தில் இலவசமாகச் செல்லலாம் என்ற ஏற்பாடாவது தொடருமா என்று அடுத்த சூன் வரை எண்ணிக்கொண்டிருப்பார்கள்.